முதல் வரிசைக் கூடாரம் – அத்தியாயம் 9

இத்தாலியக் கடற்கரை ஊரான ஃபோர்தே தெய் மார்மிக்கு எல்லோரும் ஓய்வெடுக்கத்தான் வருகிறார்கள். ஒர்னெல்லாவுக்கோ அந்த ஆகஸ்ட் பதினான்காம் தேதி காலை ஐந்தரைக்கே தூக்கம் போய்விட்டது.

ஜன்னலைத் திறந்தாள். பைன் மரத்துச் சில்வண்டுகள் இன்னும் ஆரம்பிக்கவில்லை. காபி போட்டாள், குடிக்கவில்லை. தோட்டத்து நாற்காலிகளை நேராக இழுத்துப் போட்டாள், மறுபடி பழைய இடத்துக்கே இழுத்தாள். பிள்ளைகள் எழுந்து வந்ததும் சொல்லிவிட வேண்டும். எட்டு நாளாக இன்று, நாளை என்று தள்ளிப்போட்டாகிவிட்டது.

சொல்ல வேண்டியது என்னவென்று நமக்குத் தெரியும். கணவர் ஆல்தோ இறந்து இரண்டரை வருஷம் ஆகிறது. பார்மாவில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற ஆத்திலியோ, போன வாரப் புதன்கிழமைச் சந்தையில் மேஜைவிரிப்புக் கடை முன்னால் நின்றுகொண்டு, "மீதி நாளை என்னோட கழிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் அறுபத்தாறு வயசுப் பெண்மணி யாரானாலும் சொல்வாள். ஒர்னெல்லா கையில் பாதி மடித்த விரிப்போடு அங்கேயே "சரி" என்றாள். இருபத்திரண்டு வருஷத்து "நீங்க" அன்றோடு போய் "நீ" வந்தது.

நாள் கடத்த இனி வழியும் இல்லை. பதினைந்தாம் தேதி பண்டிகை. அதற்கு முந்தின நாள் நான்கு மணிக்கு, கூடாரங்களை வாடகைக்கு விடும் கடற்கரை விடுதியான பெதூனியா பான்யோவை நடத்தும் நெல்லோ ஒரு கறுப்பு அட்டை நோட்டோடு கடற்கரையில் ஒவ்வொரு கூடாரமாக வருவார். "அடுத்த வருஷமும் வழக்கம்போலத்தானே?" என்பார். "வழக்கம்போல" என்று பதில் வரும். முதல் வரிசையில் ஏழாம் எண் கூடாரத்தின் சார்பாக முப்பத்தாறு வருஷம் ஆல்தோ அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். அப்புறம் இரண்டு வருஷம் ஒர்னெல்லா சொன்னாள். இந்த வருஷம் அவளுக்கு அதைச் சொல்ல மனமில்லை.

எட்டரை மணிக்கு மகன் தாரியோ வந்தான். மிலானில் வழக்கறிஞர். நாற்பத்துநான்கு வயசு. விடுமுறையிலும் சட்டைக் கையை இஸ்திரி போட்டு மடிப்பவன். பின்னாலேயே மகள் லவீனியா, தலையில் துண்டோடு.

"அடுத்த வருஷம் எனக்குக் கூடாரம் வேண்டாம்," என்றாள் ஒர்னெல்லா.

ரொட்டியில் அத்திப்பழ ஜாம் தடவிக்கொண்டிருந்த தாரியோவின் கத்தி நின்றது.

"ஏம்மா, முழங்கால் வலிக்குதா?" என்றாள் லவீனியா.

"முழங்காலுக்கு ஒரு கேடும் இல்ல. நான் ஆத்திலியோவோட இருக்கப்போறேன். பார்மாவுல."

"எந்த ஆத்திலியோ? நமக்குப் பின்னாடி வைக்கோல் தொப்பி போட்டுக்கிட்டு குறுக்கெழுத்து போடுவாரே, அந்த டாக்டரா?"

"அவரேதான்."

லவீனியா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். "நான் சொன்னேனா இல்லையா? அம்மா மூணு வாரமா உதட்டுச் சாயம் பூசிக்கிட்டு கடல்ல இறங்கறா, மீன் பாக்கவான்னு கேட்டேன்ல?"

தாரியோ சிரிக்கவில்லை. கத்தியைத் தட்டில் வைத்தான். "அம்மா, கூடாரத்தை நீ விட்டா அது யாருக்குப் போகும்?"

"யாருக்குப் போனா என்னடா?"

"நீ சொல்லேன், பாப்போம். ரெண்டாம் வரிசையில யாரு மூத்தவரு?"

ஒர்னெல்லாவுக்குத் தெரியவில்லை.

"உன் டாக்டர்தான்," என்றான் தாரியோ. "நீ பேரை அடிச்ச அடுத்த நிமிஷம் ஏழாம் எண் அவருக்கு. பல்லைப் பிடுங்கியே பழகின கை. இப்ப கூடாரத்தைப் பிடுங்குது."

பெதூனியா பான்யோவில் கூடாரம் கணவனிடமிருந்து மனைவிக்குப் போகும், பிள்ளைகளுக்குப் போகாது. நெல்லோவின் அப்பா காலத்தில் மூன்று சகோதரர்கள் ஒரே கூடாரத்துக்காக மணலில் கட்டிப் புரண்டதிலிருந்து அப்படி ஒரு விதி. யாராவது விட்டால், இரண்டாம் வரிசையின் மூத்தவர் முன்னால் வருவார். அவ்வளவு தெரியும் ஒர்னெல்லாவுக்கு. அந்த மூத்தவர் யாரென்றுதான் தெரியாது.

எப்படித் தெரியும்? முப்பத்தெட்டு வருஷமாக அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசைக்காரர்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. யார் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பதும் இல்லை. அதெல்லாம் பின்வரிசைக்காரர்கள் பாடு.

"சந்தையில உன்னைக் கேட்டப்போ இதைச் சொன்னாரா?" தாரியோவின் குரல் நீதிமன்றத்துக் குரலாகிவிட்டது.

"இல்ல."

"பாத்தியா."

"அதனால என்ன இப்ப?" என்றாள் லவீனியா. "அவரே அம்மாவைக் கட்டிக்கிட்டா கூடாரம் குடும்பத்துலயேதானே இருக்கப்போகுது!"

ஒர்னெல்லாவுக்கு அந்த வேடிக்கை காதில் ஏறவில்லை. அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நெல்லோ மணலை வாரியால் சீவிக்கொண்டிருந்தார். அறுபது வயசு, வெயிலில் வெந்த முதுகு. நோட்டு பக்கத்து மேஜையில்தான் இருந்தது.

"நெல்லோ, எனக்குப் பின்னாடி முதல் ஆள் யாரு?"

"எதுக்கு சின்யோரா இப்ப?"

"சும்மாதான். நோட்டைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அவள் கேட்டாளே என்று பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "டாக்டர் ஆத்திலியோ. ஆறு வருஷமா அவர்தான் முதல்ல."

"அவர் இதைப் பத்திக் கேப்பாரா?"

"கேக்காம? வருஷா வருஷம் ஜூன்ல வந்து இறங்கினதும் முதல் கேள்வியே அதுதான். 'நெல்லோ, முன்னாடி யாராவது செத்தாங்களா?' தமாஷுக்குத்தான்."

ஒர்னெல்லாவின் முகத்தைப் பார்த்ததும் நெல்லோ நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆல்தோ இறந்த வருஷமும் கேட்டாரா?"

"இல்ல. அந்த வருஷம் கேக்கல." நெல்லோ மூக்கைத் தேய்த்தார். "அப்புறமும் கேக்கல, இப்ப நினைச்சுப் பாத்தா."

ஏன் கேட்கவில்லை? துக்க வீட்டு மரியாதைக்காகவா? அல்லது கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டதா? விதவை தனியாக இருக்கிறாள், நான்கு நல்ல வார்த்தை பேசினால் தானாக விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பாரோ? சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், எழுந்து போ என்றால் போகுமா?

"நான் கேட்டதை யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள்.

நெல்லோ நெஞ்சில் கை வைத்தார். உலை வாயை மூடலாம், நெல்லோ வாயை மூட முடியாது என்று அந்தக் கடற்கரையில் அறியாதவர் இல்லை. அவளும் அறிவாள்.

கூடாரத்தில் உட்கார்ந்தாள், எழுந்தாள். கடலில் இறங்கினாள். பத்து கை நீந்துவதற்குள் அலுத்துப் போய்க் கரையேறினாள். பத்திரிகையில் ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தாள்.

பதினொரு மணிக்கு ஆத்திலியோ வந்தார். தினமும் வருவதுதான். உரித்த பீச் பழம் ஒன்றைக் காகிதத்தில் வைத்துக் கொண்டுவருவார். மணலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"லவீனியா சிரிச்சா. தாரியோ சிரிக்கல."

"சிரிப்பான். நாள் ஆகும்."

கேட்டுவிடலாம். ஒரே கேள்விதான். அதைக் கேட்க ஒர்னெல்லாவுக்கு வாய் வரவில்லை. "இந்தக் கூடாரத்தை விட்டுடலாம்னு இருக்கேன்," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சும்மா பார்க்கவில்லை, காசு செல்லுமா செல்லாதா என்று தட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"விடறதுன்னா விடு," என்றார் ஆத்திலியோ.

அவர் கண் ஒரு நொடி கூடாரத்தின் முன்கம்பத்துக்குப் போய்விட்டு வந்தது. போனதா, அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா? பீச் பழத்தை வாங்கிக்கொண்டாள். அவர் எழுந்து போன பிறகும் அது அப்படியே காகிதத்தில் இருந்தது.

பான்யோவின் பந்தலடியில்தான் மதியச் சாப்பாடு. சின்னஞ்சிறு சிப்பி போட்ட ஸ்பகெத்தி வந்திருந்தது. முதல் வரிசைக் குடும்பங்கள் எல்லாம் கடல்பக்க மேஜைகளில் இருந்தன. ஆத்திலியோ சமையலறைப் பக்கம், தனியாக, தம் வழக்கமான சிறிய மேஜையில் இருந்தார்.

தாரியோ நாப்கினை வைத்துவிட்டு எழுந்தான்.

"தாரியோ, உக்காரு," என்றாள் லவீனியா.

அவன் உட்காரவில்லை. நேராக அந்தச் சிறிய மேஜைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்டான். "டாக்டர், தப்பா நினைக்காதீங்க, ஒரு சந்தேகம். நீங்க கட்டிக்கப்போறது எங்க அம்மாவையா, ஏழாம் எண் கூடாரத்தையா?"

முள்கரண்டிச் சத்தம் பந்தல் முழுக்க நின்றுபோனது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

ஆத்திலியோ தாரியோவைப் பார்க்கவே இல்லை. அவன் தோளுக்கு மேலாக ஒர்னெல்லாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "போதும் தாரியோ" என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் தட்டைப் பார்த்தாள். தட்டில் இருபது முப்பது சிப்பிகள் வாயைப் பிளந்து கிடந்தன.

ஆத்திலியோ வாயைத் துடைத்து, நாப்கினை நான்காக மடித்து வைத்தார். "எல்லாரும் நல்லா சாப்பிடுங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பலகைப் பாதையில் நடந்து போனார்.

திரும்பி வந்து உட்கார்ந்த அண்ணனைப் பார்த்து லவீனியா மெதுவாகக் கைதட்டினாள். "பலே, வக்கீலய்யா. கேஸ் ஜெயிச்சுட்டீங்க. அம்மாவை யாரும் தூக்கிட்டுப் போகாம காப்பாத்திட்டீங்க."

"அவரால பதில் சொல்ல முடிஞ்சுதா?"

"அவர் அம்மா பேசுவான்னு பாத்தாருடா, மடையா." அவள் தாயின் பக்கம் திரும்பினாள். "நீ ஏம்மா வாயைத் திறக்கல?"

ஒர்னெல்லா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரம் அந்த ஊரில் யாரும் கடலில் கால் நனைக்க மாட்டார்கள். ஜன்னல் கதவுகள் சாத்தியிருக்கும். நாய்கூடக் குரைக்காது. ஒர்னெல்லா இருட்டறையில் கட்டிலில் புரண்டாள். சில்வண்டுகளின் கூச்சல் தலைக்குள்ளேயே கேட்டது.

வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒரு மனிதர் நாற்பது பேர் முன்னால் அவமானப்பட்டு, அவள் ஒரு சொல் சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் ஊமையாக இருந்தாள். ஏன்? மகன் கேட்ட கேள்விக்குப் பதில் அவளுக்கும் வேண்டியிருந்தது, அதனால்தான். இதை மட்டும் அவளால் தன்னிடமே மறைக்க முடியவில்லை. அவரை இழந்துவிடுவோமோ என்ற பயமும், அவர் ஏமாற்றுக்காரராக இருந்துவிடுவாரோ என்ற பயமும் மாறி மாறி வந்து போய்க்கொண்டிருந்தன. மூன்றே முக்காலுக்கு நீச்சலுடையை மாட்டிக்கொண்டு, மேலே துண்டுத் துணி அங்கியைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வந்தாள். தலையோடு ஒரு முழுக்குப் போட்டாள். அப்படியாவது தெளியுமா என்று பார்த்தாள், தெளியவில்லை.

ஏழாம் எண்ணில் தாரியோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, கால்மேல் கால். மறுநாள் பண்டிகை விருந்துக்குத் தன் அலுவலகத்துப் பெரியவரைக் கூடாரத்துக்கு அழைத்திருந்தான். லவீனியா மணலில் மல்லாந்து கிடந்தாள்.

இரண்டாம் வரிசையில் ஆத்திலியோவின் குடை மடக்கிக் கட்டியிருந்தது. நாற்காலி இல்லை. வைக்கோல் தொப்பியும் இல்லை.

முப்பத்தெட்டு வருஷத்தில் ஒர்னெல்லா திரும்பி நின்று பின்வரிசையை வெறித்துப் பார்ப்பதை அன்றுதான் அந்தக் கடற்கரை பார்த்தது.

நெல்லோ நோட்டோடு வந்து நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது. "சின்யோரா, அடுத்த வருஷமும்..."

"டாக்டர் எங்க?"

"மூணு மணிக்கே வந்துட்டாரு. பேரைத் தன் கையாலயே அடிச்சாரு. 'இனிமே எந்த வரிசையும் வேண்டாம் நெல்லோ'ன்னாரு. இருபத்திரண்டு வருஷம், சின்யோரா! இப்ப விட்டா, திரும்ப வரணும்னா ஆறாம் வரிசையில, குழாயடிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். இந்த மாதிரி யாரும் பண்ணி நான் பாத்ததில்ல." அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டாம் வரிசையின் தலைப்பெயர் மேல் நேர்கோடு ஒன்று ஓடியிருந்தது.

"போயிட்டாரா?"

"விடுதியில பெட்டி கட்டறாரு. நாலரைக்கு டாக்ஸி."

தாரியோ தொண்டையைச் செருமினான். அவனுக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும், குரல் இறங்கியிருந்தது. "சரி. நான் பேசினது அதிகம்தான். லெட்டர் எழுதி மன்னிப்புக் கேட்டுடறேன். ஆனா பிரச்சினை தீந்துதுல்ல? சொல்லிடும்மா. வழக்கம்போல."

ஒர்னெல்லா கையை நீட்டினாள். "பேனாவைக் குடுங்க நெல்லோ."

ஆல்தோ பெல்லிஸ்ஸாரி என்று இருந்து, அடித்து, ஒர்னெல்லா பெல்லிஸ்ஸாரி என்று எழுதியிருந்தது. தன் பெயரின் மேல் கோடு இழுத்தாள். கோடு கோணலாகப் போய்ப் பக்கத்துக் குடும்பத்துப் பெயரையும் உரசியது.

"அம்மா!" தாரியோ எழுந்துவிட்டான். "யாருக்காக இப்ப? அவர்தான் போயிட்டாரே!"

"போயிட்டாருன்னு தெரிஞ்சுதான் அடிக்கிறேன்."

"நாளைக்கு ஆபீஸ் பெரியவர் சாப்பிட வராரும்மா!"

"வரட்டும். செப்டம்பர் வரைக்கும் கூடாரம் நம்மதுதான். கடலும் அங்கேயேதான் இருக்கும். நான் இருப்பேனான்னு தெரியாது."

லவீனியா எழுந்து உட்கார்ந்து, முதல் முறையாக ஒரு கேலியும் சொல்லாமல் தாயைப் பார்த்தாள். "என் சைக்கிளை எடுத்துக்க," என்றாள். "உன்னுதுல காத்து இறங்கிடுச்சு."

ஈர நீச்சலுடையின் மேல் அங்கியை மாட்டிக்கொண்டு ஊருக்குள் போவதென்பது முதல் வரிசைக்காரர்கள் செய்யும் காரியம் இல்லை. ஒர்னெல்லா போனாள். காபிக் கடை வாசலில் தெரிந்த பெண்கள் இரண்டு பேர் வணக்கம் சொல்ல மறந்து பார்த்தார்கள்.

விடுதி வாசலில் வெள்ளை டாக்ஸி நின்றிருந்தது. ஆத்திலியோ பெட்டியைப் பின்னால் வைத்து மூடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலரவில்லை.

"மத்தியானம் நான் பேசியிருக்கணும்," என்றாள். மூச்சு வாங்கியது. "தப்புத்தான்."

"அதை விடு. பையன் அம்மாவுக்காகக் கேட்டான். எனக்கு ஒரு பையன் இருந்தா அவனும் கேட்டிருப்பான்."

"பின்ன ஏன் போறே?"

"காலையில நெல்லோவை நோட்டைத் திறக்கச் சொன்னியாம். அப்புறம் கூடாரத்தை விடறேன்னு சொல்லி என் மூஞ்சியைப் பாத்தே." அவர் டாக்ஸியின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். "நாப்பது வருஷம் பயந்துபோன மூஞ்சியைப் பாத்தே பிழைச்சவன் நான். அப்பவே தெரிஞ்சுது. மத்தியானம் நீ பேசுவியான்னு பாத்தேன். என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல, ஒர்னெல்லா?"

"இப்பக் கேக்கறேன். அந்தக் கூடாரத்து மேல ஆசைப்பட்டியா?"

"பட்டேன்," என்றார் ஆத்திலியோ. "இருபது வருஷம் ஆசைப்பட்டேன். ரெண்டாம் வரிசையில உக்காந்தவன் எவன் ஆசைப்படல? ஆல்தோ போனப்புறம் நெல்லோகிட்ட கேக்கவே வெக்கமாப் போச்சு. ஏன்னா அப்ப நான் பாத்துக்கிட்டு இருந்தது கூடாரத்தை இல்ல."

ஒர்னெல்லாவுக்கு அழுகை வந்தது. தெருவில் நின்று அழுதாள். "நான் சந்தேகப்பட்டேன். நாளைக்கும் படுவேன்போல. என் புத்தி அப்படி, என்ன பண்ண? ஆனா நீ வரிசையையே விட்டுட்டேன்னு நெல்லோ சொன்னப்புறம்தான் என் பேரை அடிச்சேன்."

"அடிச்சுட்டியா?"

"அடிச்சுட்டேன்."

"ஏழாம் எண்ணையா?" அவர் வாய் திறந்தபடி நின்றார். குரலில் அசல் துக்கம் இருந்தது. "பைத்தியமே! முன்வரிசையை யாராவது விடுவாங்களா?"

அழுகையின் நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. இன்னும் கோபமாகத்தான் இருந்தார். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான்கு முப்பத்தைந்து ஆகிவிட்டிருந்தது. ஓட்டுநர் ஒரு தடவை ஹாரன் அடித்தான்.

ஒர்னெல்லா சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். டாக்ஸியின் பின்கதவைத் திறந்து, ஈரத்தோடு உள்ளே ஏறி, அந்தக் கோடி வரைக்கும் நகர்ந்து உட்கார்ந்தாள். இருக்கையில் தண்ணீர் சொட்டியது.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து முகத்தைச் சுளித்தான். "ஒருத்தர்னுதானே சொன்னாங்க?"

ஆல்தோ இருந்த வரைக்கும் இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்வார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பாள்.

"ரெண்டு பேர்," என்றாள் ஒர்னெல்லா.

ஆத்திலியோ கதவைப் பிடித்தபடி இன்னும் தெருவில்தான் நின்றிருந்தார்.